பழைய ஆல்பத்தைப் ‘புதுசாக்கித் தர்றோம்’னு வர்றவங்ககிட்ட கொடுத்துடாதீங்க

18,500 ரூபாய். கூடவே எங்க ஐயா எடுத்த போட்டோ அத்தனையும் போச்சு. நேத்து சாயங்காலம் பார்சல் வந்துச்சு, இன்னும் கோபம் அடங்கல.

பாம்பன், மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் இருக்கிறவங்க கண்டிப்பா படிங்க, இவனுங்க இப்ப நம்ம பக்கம்தான் சுத்துறானுங்க. பழைய படத்தை ஸ்கேன் பண்ணி, கலர் போட்டு, புது ஆல்பமா கொடுக்கிறதா ஃபேஸ்புக்ல விளம்பரம் போடுற ஒரு ஆன்லைன் ஸ்டூடியோ. பேரைப் போட்டா கேஸ் போடுவேன்னு மிரட்டுறதால இப்போதைக்குப் பேர் சொல்லல. எப்படித் தப்பிக்கணும்னு கடைசில எழுதுறேன்.

ஐயா பாம்பன்ல ரயில்வே கலாசி, அதாவது பாரம் இழுத்துத் தூக்குற தொழிலாளி. 120 ஃபிலிம் போடுற பாக்ஸ் கேமரா ஒண்ணு வச்சிருந்தாரு. ரோலுக்கு எட்டுப் படம்தான், அதனால யோசிச்சு யோசிச்சுத்தான் எடுப்பாரு. ஆடி அமாவாசைக்குச் சேதுக்கரையில முழுக்குப் போட்டது, தேவிபட்டினத்துல நவபாஷாணத்தைச் சுத்தி இடுப்பளவு தண்ணில நின்னது, கடல் பூங்கா ஆகிறதுக்கு முன்னாடி குருசடைத் தீவுக்கு வத்தையில (சின்னப் படகு) போனது, எல்லாம் அதுல இருந்துச்சு. 1964 டிசம்பர்ல புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோறதுக்குச் சில மாசம் முந்தி, ஸ்டேஷன் பலகைக்குக் கீழ அப்பத்தாவும் பூட்டியும் நிக்கிற படமும் இருந்துச்சு. புயல்ல உடைஞ்ச பாம்பன் பாலத்தை 46 நாள்ல சரிபண்ணாங்கள்ல, அந்த வேலையில ஐயாவும் இருந்தாரு. கடல்ல விழுந்த கர்டரை, பாலத்தோட இரும்பு உத்திரத்தை, இழுத்துத் தூக்குறப்போ எடுத்த படம் ஒண்ணு. நெகட்டிவ் எல்லாம் உப்புக்காத்துல எப்பவோ ஒட்டிப் பாழாப் போச்சு. மிச்சம் இருந்தது இந்தப் பிரிண்டுகதான்.

ஆல்பத்தை வாங்க ஸ்டூடியோல இருந்து வந்த பையன் வாசல்லயே செருப்பைக் கழட்டிட்டான். வெள்ளை கிளவுஸ் மாட்டிக்கிட்டான். நடுவுல இருக்கிற பட்டர் பேப்பர் கசங்காம ஒவ்வொரு பக்கமா புரட்டி, “இது யாரு அப்பத்தா, காதுல தண்டட்டியோட?”ன்னு கேட்டான். அப்பத்தான்னு கூப்பிட்டான் பாருங்க, அங்கதான் கிழவி விழுந்துச்சு. எனக்கும் நம்ம ஊருப் பேச்சு பேசுறானேன்னு இருந்துச்சு. புயல் கதை முழுசும் கேட்டான், கண்ணுகூடக் கலங்கினான். 8,500 அட்வான்ஸ் வாங்கிக்கிட்டு, ஆல்பத்தைத் துண்டுல சுத்தி எடுத்துட்டுப் போனான். “ரெடி, அனுப்பட்டுமா”ன்னு கேட்டு இன்னொரு 10,000. ஆக 18,500.

வந்தது என்ன? ஒரு பென் டிரைவ், பளபளன்னு ஒரு பிளாஸ்டிக் புத்தகம், அப்புறம் எங்க பழைய ஆல்பம், காலியா. கறுப்பு அட்டையில படத்தைச் சொருகுற முக்கோண கார்னர்க மட்டும் அப்படியே இருக்கு. பசை போட்டு ஒட்டியிருந்த படங்களைப் பிச்சு எடுத்திருக்கான், வெள்ளையா பேப்பர் மட்டும் அட்டையோட நிக்குது.

சரி, காப்பியாவது உருப்படியா இருக்கான்னு பார்த்தா, எல்லாம் ஏஐல போட்டு எடுத்தது. பூட்டிக்குத் தண்டட்டி போட்டுத் தொங்குற காது போய், குட்டிக் காதுல கல்லுத்தோடு. அப்பத்தா யாரோ சீரியல் நடிகை மாதிரி இருக்கு. ஸ்டேஷன் பலகையில தனுஷ்கோடின்னு இருந்த இடத்துல எந்த மொழியிலயும் இல்லாத எழுத்து. கர்டர் தூக்குற படத்துல கலாசிங்க அத்தனை பேருக்கும் ஒரே மூஞ்சி. அதுல ஐயா யாருன்னு எனக்கே தெரியல.

போன் போட்டேன். “அக்கா, ஒரிஜினல் லேப்ல இருக்கு, அடுத்த பேட்ச்ல வந்துரும்.” மறுபடி போட்டா ஒரு பொண்ணு, “உங்க கம்ப்ளைண்ட் நோட் பண்ணிக்கிட்டோம் மேம்.” அப்புறம் மேனேஜராம். “பழைய போட்டோ கெமிக்கல்ல கரைஞ்சிரும் மேம், எங்க டேர்ம்ஸ்லயே போட்டிருக்கோம்”ங்கிறான். ஸ்கேன் பண்றதுக்கு எதுக்குய்யா கெமிக்கல்? கண்ணாடி மேல கவுத்து வச்சு எடுக்கிற வேலை! விடாம கேட்டதுக்கு, “அதான் ஹெச்டில கொடுத்தாச்சே, அந்தக் குப்பையை வச்சு என்ன பண்ணப் போறீங்க?”ன்னான். குப்பையாம். அதோட பிளாக் பண்ணிட்டான். அப்பத்தான்னு கூப்பிட்ட பையன் நம்பரும் சுவிட்ச் ஆஃப்.

அப்பத்தாகிட்ட இன்னும் சொல்லல. ஆல்பம் வந்துருச்சான்னு காலையில கேட்டுச்சு.

விவரமா எழுத இப்ப பொறுமை இல்ல. ஆல்பத்தை வீட்டை விட்டு அனுப்பாதீங்க, ஸ்கேன் பண்ணணும்னா உள்ளூர் ஸ்டூடியோவுல நீங்களே பக்கத்துல உக்காந்து 600 டிபிஐல எடுங்க. ஒட்டிக்கிட்ட படத்தைப் பிக்க விடாதீங்க, அட்டையோடவே ஸ்கேன் பண்ணலாம். கொடுத்தே ஆகணும்னா ஒவ்வொரு பக்கத்தையும் செல்போன்ல படம் எடுத்து, எத்தனை படம்னு எழுதிக் கையெழுத்து வாங்குங்க. முழுப் பணத்தையும் முன்னாடியே கட்டாதீங்க.

நான் 1915ல, தேசிய நுகர்வோர் உதவி எண்ல, புகார் பதிஞ்சுட்டேன். திங்கக்கிழமை ராமநாதபுரம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போறேன், நாம கட்டின பணம் அஞ்சு லட்சம் வரைக்கும்னா ஃபீஸ் கிடையாது. பில் தரல, ஆனா 18,500க்கும் ஜிபே ஸ்கிரீன்ஷாட் இருக்கு. உச்சிப்புளி, தங்கச்சிமடம் பக்கம் வேற யாராச்சும் இவன்கிட்ட பணம் கட்டியிருந்தா திங்கக்கிழமைக்குள்ள எனக்கு மெசேஜ் பண்ணுங்க, சேர்ந்தே போவோம்.