மதுரை ரெஃபரல் குழுக்கள்: கட்டுகிற பணத்துக்கு வேலை வருமா?

பிஎன்ஐ (பிசினஸ் நெட்வொர்க் இன்டர்நேஷனல்) மாதிரி, உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் வேலையைச் சிபாரிசு செய்துகொள்ளும் ரெஃபரல் குழுக்களில் ஒரு தொழிலுக்கு ஒருவருக்குத்தான் இடம். வாரம் ஒருநாள் கூட்டம். ஒவ்வொருவரும் எழுந்து சில நொடிகளில் தன் தொழிலைச் சொல்லி, கேள்விப்பட்ட வேலையை அடுத்தவருக்குக் கைமாற்ற வேண்டும். இன்டீரியர், சிசிடிவி, கேட்டரிங், பிரிண்டிங் என்று ஆளை நம்பி ஆர்டர் கொடுக்கும் தொழில்களுக்கு இது நன்றாகவே கைகொடுக்கிறது. கீழமாசி வீதி மளிகை மொத்த வியாபாரத்துக்குச் சரிப்படாது. அங்கே விலையையும் தவணையையும் பார்த்துத்தான் ஆள் வருவார்.

ஆண்டுக் கட்டணம், அதன்மேல் ஜிஎஸ்டி, கூட்டத்துக்குக் கூட்டம் டிபன் செலவு. போக வர வாரம் மூன்று மணி நேரம் என்றால் ஆண்டுக்கு 150 மணி நேரம் போய்விடும். எல்லாம் சேர்த்து 60,000 ரூபாய் ஆகிறது என்று வையுங்கள். 15% லாபம் நிற்கும் தொழிலில் 4 லட்சத்துக்குப் புது வேலை வந்தால்தான் கையைக் கடிக்காது. குழுக்கள் மேடையில் சொல்லும் கோடிகள் விற்பனைத் தொகைதான், லாபம் அல்ல என்பதை மறக்க வேண்டாம்.

சேருமுன் விருந்தினராகப் போய் உறுப்பினர் பட்டியலைப் பாருங்கள். உங்கள் வாடிக்கையாளரை உங்களுக்கு முன்பே சந்திக்கிறவர்கள் அதில் எத்தனை பேர்? மாடுலர் கிச்சன் செய்பவருக்கு பில்டர், ஆர்க்கிடெக்ட், எலக்ட்ரீஷியன், வீட்டுக் கடன் பார்ப்பவர் இருந்தாலே போதும்.

பலர் சறுக்குவது கேட்கும் விதத்தில். "யாருக்காவது பிரிண்டிங் வேணும்னா சொல்லுங்க" என்றால் யார் முகமும் ஞாபகத்துக்கு வராது. "கப்பலூர் சிட்கோவில் மசாலா பாக்கெட் போடுகிற கம்பெனியில் பர்ச்சேஸ் பார்ப்பவரைத் தெரியுமா?" என்று கேட்டால் ஒருவராவது போனை எடுப்பார். வெறும் நம்பர் ரெஃபரல் ஆகாது. உங்கள் அழைப்பை அவர் எதிர்பார்த்திருக்க வேண்டும். கிடைத்த அன்றே பேசிவிடுங்கள். தாமதித்தால் அனுப்பியவர் பெயர் கெடும், அடுத்தது வராது.

இன்னொரு சிக்கல் பாக்கி. "நம்ம குழு ஆள்தானே" என்று கொட்டேஷன் இல்லாமல் வேலையை ஆரம்பித்தால் பணமும் போகும், பழக்கமும் போகும். உத்யம் என்ற அரசுப் பதிவுள்ள குறு, சிறு உற்பத்தி மற்றும் சேவைத் தொழில்களுக்கு, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தரவேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டம். குழுவுக்குள்ளும் அட்வான்ஸ், பில், தேதி மூன்றும் எழுத்தில் இருக்கட்டும்.

கூட்டத்தைவிட, ஒரு உறுப்பினரைத் தனியாகப் பார்க்கும் ஒன்-டு-ஒன் சந்திப்புக்கு மதிப்பு அதிகம். டீக்கடையில் உட்காராமல் அவருடைய பட்டறைக்கே போங்கள். மெஷினையும் ஸ்டாக்கையும் பார்த்தவர்தான் அடுத்தவரிடம் தைரியமாகச் சிபாரிசு செய்வார். ஜிஎஸ்டி நோட்டீஸ், நல்ல சப்ளையர், ஆள் பற்றாக்குறை பற்றிய பேச்செல்லாம் அங்கேதான் வரும்.

லேத் பட்டறை, உணவுத் தயாரிப்பு போன்ற உற்பத்தியாளர்கள் முதலில் மதுரை மாவட்டச் சிறுதொழில் சங்கமான மடீட்சியாவையும், 1924-இல் மதுரையில் தொடங்கிய தமிழ்நாடு தொழில் வர்த்தக சங்கத்தையும் பார்ப்பது நல்லது. அங்கே போட்டியாளரும் பக்கத்து நாற்காலியில் இருப்பார், ரெஃபரல் எதிர்பார்க்க முடியாது. ஆனால் வரி, மின்கட்டணம், வங்கிக் கடன் என்று எல்லோரையும் பாதிக்கும் விஷயத்தில் சேர்ந்து குரல் கொடுக்க அதுதான் இடம்.