ஃபோனுக்குள் ஆஃபீஸுக்குத் தனி அறை: ஆண்ட்ராய்டு வொர்க் ப்ரொஃபைல் ரிவ்யூ

ஆண்ட்ராய்டு ஃபோனில் ஆப் லிஸ்ட்டைத் திறந்தால் 'பர்சனல்', 'வொர்க்' என்று இரண்டு டேப் தெரிகிறதா? தெரிந்தால் உங்கள் ஃபோனில் வொர்க் ப்ரொஃபைல் இருக்கிறது. 2014-இல் ஆண்ட்ராய்டு 5.0-உடன் வந்த வசதி இது. ஆஃபீஸ் ஆப்கள் எல்லாம் தனி அறைக்குள் போய்விடும். ஒவ்வொரு ஐகானின் ஓரத்திலும் குட்டி ப்ரீஃப்கேஸ் படம் ஒட்டியிருக்கும். ஐடி டீம் சொல்லும் ஆப்பை (பல இடங்களில் மைக்ரோசாஃப்ட்டின் கம்பெனி போர்ட்டல்) இன்ஸ்டால் செய்து, ஆஃபீஸ் மெயில் ஐடியில் லாகின் செய்தால் அறை தயார். சொந்த ஃபோன் என்றால் அந்த அறைக்குள் இருப்பதைத்தான் ஐடி டீம் அழிக்க முடியும். உங்கள் கேலரியையும் பர்சனல் வாட்ஸ்அப்பையும் அவர்களால் பார்க்க முடியாது. இந்தப் பயத்தாலேயே இதைப் போடாமல் இருப்பவர்கள் தாராளமாகப் போடலாம்.

இதன் மதிப்பு முழுக்க ஒரே ஒரு ஸ்விட்ச்சில் இருக்கிறது. திரையை மேலிருந்து இழுத்தால் வரும் குவிக் செட்டிங்ஸில் 'வொர்க் ஆப்ஸ்' என்ற கட்டம். அங்கே இல்லையென்றால் பென்சில் ஐகானைத் தொட்டு, அதைத் தேடி இழுத்து மேல் வரிசையில் வைத்துக்கொள்ளுங்கள். தட்டியதும் ஆஃபீஸ் ஆப்கள் சாம்பல் நிறமாகும். பின்னணியில் ஓடாது, நோட்டிஃபிகேஷன் வராது. மியூட் செய்தால் சத்தம் மட்டும்தான் நிற்கும். ஐகான் மேல் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருக்கும், கண்ணும் அங்கேயே போகும். இங்கே பார்ப்பதற்கு எதுவுமே இருக்காது. எட்டிப் பார்க்க வேண்டுமென்றால் திரும்ப ஆன் செய்ய வேண்டும், வொர்க் லாக் தனியாக வைத்திருந்தால் அந்தப் பாஸ்வேர்டையும் அடிக்க வேண்டும். அந்தச் சின்னத் தடையிலேயே கை பல தடவை திரும்பிவிடும்.

இது ஏன் முக்கியம்? வேலைக்கும் வீட்டுக்கும் இடையிலான இழுபறி கூடக்கூட வேலையில் திருப்தி குறைகிறது என்பது வேலை-குடும்பம் பற்றிய ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுவது. அந்த இழுபறியை 1985-இல் கிரீன்ஹாஸ், பியூட்டெல் என்ற இரு ஆய்வாளர்கள் மூன்றாகப் பிரித்தார்கள்: நேரத்தால் வருவது, மன அழுத்தத்தால் வருவது, நடந்துகொள்ளும் முறையால் வருவது. ஃபோன் கிளறுவது பெரும்பாலும் இரண்டாவதை. இரவு 9 மணிக்கு ஒரு மெயிலுக்குப் பதில் போட இரண்டு நிமிடம் ஆகலாம். ஆனால் 'மெயில் வந்திருக்குமோ' என்று காத்துக்கொண்டிருப்பது மாலை முழுவதையும் தின்றுவிடும். குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே பாதி மனசு டீம்ஸில் (மைக்ரோசாஃப்ட்டின் ஆஃபீஸ் சாட் ஆப்) இருக்கும். இப்படியே போனால் பிடித்த வேலைகூடப் பாரமாகிவிடும்.

இனி எங்கே உதைக்கும் என்று பார்ப்போம். முதலில் ஆத்தென்டிகேட்டர், அதாவது லாகின் செய்வது நீங்கள்தானா என்று உறுதிசெய்யும் ஆப். அது வொர்க் டேபுக்குள் இருந்தால், ப்ரொஃபைலை நிறுத்தியதும் லேப்டாப் லாகினுக்கான அப்ரூவல் ஃபோனுக்கு வராது. அடுத்தது ஆன்-கால் டியூட்டி. சர்வர் விழுந்தால் எழுப்பும் அலர்ட் ஆப் வொர்க் பக்கம் இருந்தால் அதுவும் சேர்ந்து தூங்கிவிடும். ஆன்-கால் வாரத்தில் இந்த ஸ்விட்ச்சைத் தொடாதீர்கள்; டீம்ஸுக்குள்ளேயே இருக்கும் 'கொயட் டைம்' போதும். அலர்ட் ஆப் வழக்கம்போல வேலை செய்யும்.

மூன்றாவதுதான் பெரிய ஓட்டை: டீம் வாட்ஸ்அப் குரூப். அது பர்சனல் நம்பரில், பர்சனல் பக்கத்தில் ஓடுவதால் ஸ்விட்ச்சுக்குக் கட்டுப்படாது. குரூப்பை 'எப்போதும்' என்று மியூட் செய்தாலும், உங்களை மென்ஷன் செய்தாலோ உங்கள் மெசேஜுக்கு யாராவது ரிப்ளை செய்தாலோ நோட்டிஃபிகேஷன் வரும். இரண்டாவது சிம் இருந்து ஐடி டீமும் அனுமதித்தால், அந்த நம்பரில் வாட்ஸ்அப்பை வொர்க் டேபுக்குள் போட்டு குரூப்பை அங்கே மாற்றிக்கொள்ளலாம். கொஞ்சம் மெனக்கெட வேண்டும், ஆனால் பலன் உண்டு. சாதாரண ஃபோன் காலையும் இந்த வசதி தடுக்காது. அதற்கு 'டூ நாட் டிஸ்டர்ப்' போட்டு, வீட்டு நம்பர்களை ஸ்டார் செய்து விலக்கு கொடுங்கள். அதிலேயே இருக்கும் 'ரிபீட் காலர்ஸ்' வசதியை ஆன் செய்தால், ஒரே நம்பரிலிருந்து 15 நிமிடத்துக்குள் இரண்டாவது முறை வரும் கால் மட்டும் ஒலிக்கும். உண்மையான அவசரத்துக்கு அது போதும்.

எல்லாவற்றுக்கும் மேல், மேனேஜர் ஒத்துழைக்காவிட்டால் இந்த ஸ்விட்ச்சுக்குப் பாதி பலன்தான். 'ஏன் நேற்று ராத்திரி பார்க்கவில்லை?' என்று காலையில் கேட்பவர் இருந்தால், ஃபோன் அமைதியாக இருந்தாலும் மனசு அமைதியாக இருக்காது. இரவில் வேலை பார்க்கும் மேனேஜர்கள் டீம்ஸில் செண்ட் பட்டனை அழுத்திப் பிடித்து 'ஷெட்யூல் செண்ட்' கொடுத்துவிடலாம், மெசேஜ் மறுநாள் காலை போகும். ஜிமெயிலிலும் அவுட்லுக்கிலும் இந்த வசதி இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் வேலை நேரத்துக்கு வெளியே வரும் அழைப்பை, மறுப்பது நியாயமற்றதாக இல்லாதவரை, ஊழியர் மறுக்கலாம் என்ற உரிமை 2024 ஆகஸ்ட் 26 முதல் சட்டமாக இருக்கிறது. நம் ஊரில் இன்றைக்கு இதை டீமுக்குள் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

எல்லோருக்கும் இது பொருந்தாது. சாயங்காலம் 5 மணிக்குக் கிளம்பிப் பிள்ளையை டியூஷனில் விட்டு, 9 மணிக்கு மறுபடி லேப்டாப்பைத் திறப்பவருக்கு இரண்டும் கலந்து இருப்பதுதான் வசதி. அவர் 5 முதல் 9 வரை மட்டும் நிறுத்தினால் போதும். கம்பெனி கொடுத்த ஃபோன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ப்ரொஃபைல் எத்தனை நாள் ஆஃபில் இருக்கலாம் என்று ஐடி டீம் வரம்பு வைக்க முடியும், தாண்டினால் பர்சனல் ஆப்களும் முடங்கும். நீண்ட லீவுக்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். ஐஃபோனில் 'ஃபோகஸ்' இருக்கிறது, ஆனால் அது நோட்டிஃபிகேஷனை அடக்குமே தவிர ஆப்பை நிறுத்தாது.

காலையில் ஆன் செய்ததும் தேங்கிய மெயில், சாட், மீட்டிங் ரிமைண்டர் எல்லாம் மொத்தமாகக் கொட்டும். காலண்டர் சிங்க் ஆகவும் கொஞ்சம் நேரம் பிடிக்கும். 9 மணிக்கு மீட்டிங் என்றால் 8:45-க்கே தட்டிவிடுங்கள்.