ஏழு ஆண்டுகள், நான்கு வாசிப்புகள்: 'தி லாங்குவேஜ் ஆஃப் ஃப்ளவர்ஸ்'

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கணக்கு எழுதும் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வனெஸ்ஸா டிஃபன்பாவின் இந்த நாவலை (2011) தலைப்பில் பூ இருந்ததற்காக வாங்கினேன். ஒன்பது வயது முதல் மதுரைக்கு அருகே ஒரு குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தவள் என்பதால், அதை வெறும் கதையாக என்னால் படிக்க முடியவில்லை.

வளர்ப்பு வீடுகளில் மாறிமாறி வளர்ந்த விக்டோரியா, 18 வயது நிறைந்ததும் வெளியேற்றப்பட்டு, சான்பிரான்சிஸ்கோவில் ஒரு பூங்காவில் உறங்குகிறாள். மகளாக ஏற்க விரும்பிய எலிசபெத் கற்றுக்கொடுத்த, ஒவ்வொரு பூவுக்கும் ஒரு பொருள் சொல்லும் மலர்மொழி மட்டுமே அவளிடம் மிஞ்சியிருக்கிறது.

முதல் வாசிப்பில் எனக்கு அவள்மீது கோபமே வந்தது. அன்பு காட்டியவளின் திராட்சைத் தோட்டத்துக்குத் தீ வைக்கிறாள். பெற்ற குழந்தையைப் பாசி பரப்பிய கூடையில் கிடத்தி, அக்குழந்தையின் தந்தை வீட்டில் விட்டுப் போகிறாள். என் மகள் பிறந்து சில மாதங்களில் மூன்றாம் முறை படித்தபோது, அவள் அழும்போதெல்லாம் நடுங்கிய என் கைகளையும், இவளை நான் கெடுத்துவிடுவேனோ என்று யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த அச்சத்தையும் அந்தப் பக்கங்களில் கண்டேன். அம்மலர்மொழியில் பாசிக்குத் தாயன்பு என்று பொருள். பாசி வேரில்லாமலே வளர்வதால், தாயைக் கண்டறியாத தன்னிடமும் தாயன்பு வளரக்கூடும் என்று விக்டோரியா மெல்ல நம்பத் தொடங்குகிறாள். அந்த இடத்தில் என் பிரதியின் தாள் மடிந்து கிழிந்தேவிட்டது.

குறையும் உண்டு. பூ வியாபாரத்தில் அவள் அவ்வளவு விரைவாகத் தலையெடுப்பதை, விடியுமுன் மல்லிக்கு விலை பேசும் மனிதர்களோடு ஏழு ஆண்டு பழகிய எனக்கு நம்ப இயலவில்லை. பதினெட்டில் நிற்கும் தனிமையை மட்டும் ஆசிரியர் சற்றும் மிகைப்படுத்தவில்லை. இல்லத்திலிருந்து வெளியேறுவோருக்கு 21 வயது வரை ஆதரவளிக்க நம் 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டத்திலும் இடம் உண்டு. அதை எனக்கு எடுத்துச் சொல்ல அன்று எவரும் இருக்கவில்லை.

மலர் அகராதிகள் ஒன்றோடொன்று முரண்படுவதைக் கண்டு விக்டோரியா தனக்கென ஓர் அகராதி தொகுக்கிறாள். நானும் நூலின் கடைசி வெற்றுத்தாளில் எழுதி வருகிறேன்: மரிக்கொழுந்து என்றால் இல்லத்துச் சமையல்கார அக்கா, கனகாம்பரம் என்றால் யாரும் வராத பார்வையாளர் நாள்.

என்னைப்போல் வளர்ந்தவர்கள் தீ வைக்கும் பகுதியை இரவில் தனியாகப் படிக்க வேண்டாம். பகலில், பக்கத்தில் ஒருவர் இருக்கும்போது படியுங்கள்.