பொருட்காட்சி டிராகன் ரயில்: சக்கரம் சரி, கம்பிதான் சரியில்லை

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு திருநெல்வேலியில் ஒரு பொருட்காட்சிக்குப் போனேன். அவளுக்கு ஏழு வயது. டெல்லி அப்பளமும் வேண்டாம், பஞ்சு மிட்டாயும் வேண்டாம், நேரே டிராகன் ரயில்தான் என்று நின்றுவிட்டாள். ஊர் ஊராகக் கழற்றிக் கொண்டுபோய் மாட்டுகிற சின்ன ரோலர் கோஸ்டர் அது. ஆளுக்கு 100 ரூபாய், மூன்று சுற்று.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஓட்டம் அருமை. வளைவில் உடம்பு ஒரு பக்கம் சாய்கிறது, மேட்டு உச்சியில் வயிற்றுக்குள் ஒரு கூச்சம், தடத்தில் எங்குமே வெடுக்கென்று இழுக்கவில்லை. இணைப்புகளைச் சரியாக நேர்பார்த்துத்தான் மாட்டியிருக்கிறார்கள், இல்லையென்றால் ஒவ்வொரு இணைப்பிலும் முதுகில் குத்தும்.

பேட்டை ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துவிட்டு பதினைந்து வருஷமாக லேத் பட்டறையில் இருக்கிறவன் நான். அதனால் டிக்கெட் எடுக்கும் முன்பே குனிந்து சக்கரத்தைப் பார்த்தேன். நீங்களும் பாருங்கள், படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு சக்கரம் தடத்தின் மேலே உருளும், ஒன்று பக்கவாட்டில் உரசாமல் பிடித்திருக்கும், மூன்றாவது தடத்துக்கு அடியில் இருக்கும். அந்த அடிச்சக்கரம்தான் உயிர். வண்டி மேட்டில் ஏறி இறங்கும்போது தடத்தை விட்டு மேலே எழும்பப் பார்க்கும், அதை எழும்ப விடாமல் கீழிருந்து பிடித்துக்கொள்வது அதுதான். ஜான் மில்லர் என்ற அமெரிக்கர் 1919இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். அதற்கு முந்தைய வண்டிகள் பல வெறும் எடையை நம்பியே தடத்தில் நின்றன, அதனால் மேடுகளையும் தணிவாகவே வைத்தார்கள். பெரிய இறக்கமெல்லாம் பிறகு வந்ததற்கு இந்தச் சின்னச் சக்கரம்தான் வழிவிட்டது.

கதை அதற்கும் முன்னால் போகிறது. ரஷ்யாவில் குளிர்காலத்தில் மரச்சட்டம் கட்டி, மேலே தண்ணீர் ஊற்றி உறையவைத்து, பனிச்சறுக்கு விடுவார்கள். பிரெஞ்சு மொழியில் இன்றைக்கும் ரோலர் கோஸ்டருக்கு ‘ரஷ்ய மலைகள்’ என்றுதான் பெயர். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1827இல் சுரங்க நிலக்கரியை இறக்க ஒரு தடம் போட்டார்கள். கரி வண்டிகள் தன் பாரத்திலேயே சரிந்து இறங்கும், கோவேறு கழுதைகளும் ஒரு வண்டியில் ஏறிக் கூடவே கீழே வந்து, காலி வண்டிகளை மறுபடி மேலே இழுத்துப் போகும். பிற்காலத்தில் ஆட்களே காசு கொடுத்து அதில் ஏறினார்கள். 1884இல் நியூயார்க்கின் கோனி தீவில் லாமார்கஸ் தாம்சன் வேடிக்கைக்கென்றே ஒரு தடம் கட்டினார். 5 சென்ட் கட்டணம், வேகம் மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர், நம்ம சைக்கிளை விடக் குறைவு. அதற்கே கூட்டம் அலைமோதியிருக்கிறது.

பெரிய பூங்காக்களில் சங்கிலி வண்டியை மேலே இழுக்கும்போது டக் டக் டக் என்று ஒரு சத்தம் வரும். பயந்துகொள்கிறார்கள், பயப்படவே வேண்டாத சத்தம் அது. சைக்கிளை மிதிக்காமல் உருளவிட்டால் ஃப்ரீவீலில் வருகிற அதே சத்தம். பல்லில் ஒரு நாக்கு விழுந்து விழுந்து எழுகிறது, சங்கிலி அறுந்தாலும் வண்டி பின்னால் வழுக்காமல் அந்த நாக்கு பிடித்துக்கொள்ளும். உச்சிக்குப் போனபின் வண்டிக்கு மோட்டாரும் கிடையாது, பிரேக்கும் கிடையாது, பிரேக் தடத்தில்தான் இருக்கும். நெல்லையப்பர் தேரை நினைத்துக்கொள்ளுங்கள், தேரை நிறுத்துவது தேருக்குள் இல்லை, கீழே முட்டுக்கட்டை போடுகிறவர் கையில் இருக்கிறது. நான் ஏறிய டிராகன் ரயில் வேறு மாதிரி, மோட்டார் வண்டியிலேயே இருக்கிறது, வேகமும் கட்டுக்குள்தான்.

சரி, குறைக்கு வருகிறேன். இருவர் உட்காரும் இருக்கைக்கு, மடிமேல் இறங்கி ஆளைப் பிடிக்கிற கம்பி ஒன்றே ஒன்று. அது என் தொடையில் முட்டி நின்றுவிட்டது, பிள்ளையின் மடிக்கும் கம்பிக்கும் நடுவில் என் இரண்டு கை தாராளமாகப் போகிறது. மேட்டு உச்சியில் வண்டி கீழே திரும்பும், உடம்பு மட்டும் மேலேயே போகப் பார்க்கும், அந்த நொடியில் அவள் இருக்கையை விட்டு எழும்பியதை என் கையில் உணர்ந்தேன். மூன்று சுற்றும் அவளை அணைத்துப் பிடித்தபடியே இருந்தேன். இறங்கியதும் இயக்குகிற தம்பியிடம் கேட்டேன்.

“பிள்ளைய இறுக்கிப் பிடிச்சுக்கிடுங்க அண்ணாச்சி, ஒண்ணும் ஆவாது” என்றார்.

“தம்பி, பிள்ளையப் பிடிக்கவேண்டியது கம்பி. என் கை வழுக்கினா யாரு பொறுப்பு?”

அவர் பதில் சொல்வதற்குள் அடுத்த கூட்டம் ஏறிவிட்டது. கம்பிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்காமலே பொத்தானை அழுத்தினார். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது அங்கேதான். 2015 ஜூனில் இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸ் பூங்காவில் என்ன நடந்தது? முன்னால் ஒரு காலி வண்டி தடத்தில் நின்றுகொண்டிருந்ததால் கணினி அடுத்த வண்டியைச் சரியாகவே நிறுத்தி வைத்தது. கணினிக்குத்தான் கோளாறு என்று நினைத்து ஊழியர்கள் அதை மீறி வண்டியை விட்டார்கள். மோதலில் 16 பேர் காயம், இரண்டு இளம்பெண்கள் ஆளுக்கு ஒரு காலை இழந்தார்கள். நிறுவனத்துக்கு 50 லட்சம் பவுண்டு அபராதம். அவ்வளவு பெரிய இயந்திரத்தையே ஒரு அவசரம் கவிழ்க்கும் என்றால், பத்து நாளைக்கு மாட்டிய ரயிலில் கம்பியை இழுத்துப் பார்க்க நேரமில்லை என்று எப்படிச் சொல்லலாம்?

போகிறவர்களுக்கு: ஞாயிறு இரவு வேண்டாம், வார நாளில் ஆறு மணிக்கு முன்னால் போங்கள். பிள்ளையைப் பெரியவர்கூட உட்காரவைக்காதீர்கள், அதே உடம்புவாகில் இன்னொரு பிள்ளையோடு உட்காரவையுங்கள், அப்போதுதான் கம்பி இரண்டு மடியிலும் படியும். படியவில்லையா, இறங்கிவிடுங்கள். நான்கு வயதுப் பிள்ளைகளையெல்லாம் ஏற்றுகிறார்கள், உயரம் அளக்க ஒரு கோடுகூடப் போட்டுவைக்கவில்லை.

பொருட்காட்சி அலுவலகத்தில் இதை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். புதன்கிழமை போய்ப் பார்த்தபோது முன் இரண்டு பெட்டிகளில் இடுப்பு பெல்ட் மாட்டியிருந்தார்கள், அந்தத் தம்பி கம்பிகளை இழுத்துப் பார்த்துக்கொண்டும் இருந்தார். அக்கா மகள் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு முதல் பெட்டியில் ஏறினாள். பின் பெட்டிகளுக்கு இன்னும் பெல்ட் வரவில்லை.