வெள்ளத்துக்குப் பின் வரும் பணம்: தண்ணீர் மானியங்களுக்கு என் மார்க்

ஹோட்டல், மொபைல், மிக்ஸி என்று எல்லாவற்றுக்கும் ரிவ்யூ எழுதுகிறார்கள். நான் எழுதப்போவது தென்னாப்பிரிக்க அரசு தன் நகராட்சிகளுக்குக் கொடுக்கும் தண்ணீர் மானியங்களைப் பற்றி. குவாசுலு-நட்டால் மாகாணத்தில் ஒரு சிறிய நகராட்சியின் நிதிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எந்த ஊர் என்பது வேண்டாம். இப்போது டர்பனுக்கு வடக்கே டோங்காட்டில் குடியிருக்கிறேன். மானியப் படிவங்களை நிரப்பிய அனுபவமும் உண்டு, அந்தப் பணம் குழாயாக மாறும்வரை வாளியோடு வரிசையில் நின்ற அனுபவமும் உண்டு.

2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் இங்கே கொட்டிய மழை பலருக்கு நினைவிருக்கும். சில இடங்களில் 24 மணி நேரத்தில் 300 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. நானூறுக்கும் அதிகமானோர் இறந்தார்கள். டர்பன் ஹைட்ஸ் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் இரண்டு பெருங்குழாய்கள் உடைந்தன. எங்கள் டோங்காட் நிலையம் பலத்த சேதமடைந்து பல மாதங்கள் முடங்கியது. ஏப்ரல் 14 சித்திரைப் பிறப்பு, அடுத்த நாள் பெரிய வெள்ளி. மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மனுக்குக் கூட்டம் கூடும் நாள் அது. அந்த வருடம் பொங்கப் பானைக்கே தண்ணீர் தேடவேண்டியிருந்தது.

பக்கத்து வீட்டு அக்கா அப்போது கேட்டார்: "அண்ணா, ஒரு பில்லியன் ரேண்ட் உடனே ரெடின்னு பிரசிடெண்ட் டிவியில சொன்னாரே, அது எந்த ஆபீஸ்ல இருக்கு?" நியாயமான கேள்விதான். ஏப்ரல் 18 அன்று ஜனாதிபதி ராமபோசா தேசியப் பேரிடர் நிலையை அறிவித்தபோது, 100 கோடி ரேண்ட் உடனடியாகக் கிடைக்கும் என்று நிதியமைச்சர் கூறியதாகச் சொன்னார். ஆனால் அந்தப் பணம் அக்காவின் தெருவுக்கு வர இரண்டு கவுண்ட்டர்களைத் தாண்டவேண்டும்.

முதல் கவுண்ட்டர், நகராட்சிகளுக்கான பேரிடர் உடனடி உதவி மானியம். லாரித் தண்ணீர், தற்காலிகக் குழாய் என்று அன்றைக்குத் தேவையானதற்கு. தேசியப் பேரிடர் மேலாண்மை மையம் சம்பவத்தை உள்ளூர், மாகாண, தேசிய என்று வகைப்படுத்தவேண்டும். 2002-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில் 23-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. வகைப்படுத்தியபின் கதவு திறக்கும். மற்ற மானியங்களோடு ஒப்பிட்டால் இது வேகமானது, இதற்கென்றே பட்ஜெட்டில் முன்கூட்டி ஒரு தொகை ஒதுக்கி வைக்கிறார்கள். குறை எங்கே என்றால், பணம் வருவதற்கும் லாரி வருவதற்கும் நடுவில். அந்த வெள்ளத்துக்குப் பிறகு தணிக்கைத் தலைவர் செலவு நடக்கும்போதே தணிக்கை செய்து, நிவாரணம் மெதுவாக நடந்ததைக் காட்டி அறிக்கை கொடுத்தார். ஐந்துக்கு மூன்று.

இரண்டாவது கவுண்ட்டர், பேரிடர் மீட்பு மானியம். உடைந்த நிலையத்தைத் திரும்பக் கட்டுவதற்கான பணம் இதில்தான் வரும். இங்கேதான் என் போன்ற ஆட்களின் தலைமுடி நரைத்தது.

சட்டத்தின் 56-ஆம் பிரிவை முதலில் படிக்கவேண்டும். பொதுச் சொத்து உடைந்தால், அதைப் பராமரிக்கும் பொறுப்பு யாருக்கோ, சரிசெய்யும் செலவும் அவர்களுக்கே என்பதுதான் அடிப்படைக் கொள்கை. மத்திய அரசு உதவலாம், ஆனால் கட்டாயமில்லை. அடுத்த பிரிவு, 57, இன்னும் கறார். உதவி கேட்டு வரும் நகராட்சியிடம் எவற்றையெல்லாம் பார்க்கலாம் என்று வரிசையாகச் சொல்கிறது: தடுப்பு நடவடிக்கை எடுத்தாயா, எடுத்திருந்தால் சேதம் குறைந்திருக்குமா, போதிய இன்சூரன்ஸ் இருந்ததா, இல்லையென்றால் ஏன் இல்லை, தொண்டு நிறுவனங்களிடமிருந்து என்ன கிடைக்கும். கிஃப்ட் ஆஃப் தி கிவர்ஸ் போன்றவர்கள் மக்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பதுகூட இந்தக் கணக்கில் பார்க்கப்படலாம்.

படிக்கும்போது கேள்விகள் எல்லாம் சரியாகத்தான் தெரியும். பராமரிக்காமல் விட்டவனுக்கும் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டவனுக்கும் ஒரே தொகை கொடுக்க முடியாது. ஆனால் பதில் சொல்லவேண்டிய நேரம் எது? ஆற்றங்கரைப் பம்ப் அறை இருந்த இடத்தில் சேறு மட்டும் இருக்கும் நேரம். சேதத்தைச் சரிபார்க்கப் பொறியாளர்கள் வருவார்கள், படம் எடுப்பார்கள், மதிப்பிடுவார்கள். பிறகு சொத்துப் பதிவேட்டைக் கேட்பார்கள். நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு பம்ப் நிலையம் பதிவேட்டில் ஏறவே இல்லை. பழைய நிர்வாகம் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனது, யாரும் எழுதவில்லை. மேலிருந்து ஓர் அலுவலகம் ஆற்றோடு போன மோட்டாரின் சீரியல் நம்பரைக் கேட்டுக் கடிதம் அனுப்பியது. என்ன பதில் எழுதுவது? கீழே தேநீர் விற்கும் ஆயாவுக்குக்கூட அந்தக் கடிதம் தெரியும், அவ்வளவு தூரம் ஆபீஸில் சிரித்தார்கள். சிரித்து முடித்தபிறகு கோப்பு அடுத்த நிதியாண்டுக்குப் போனது.

நிதியாண்டு என்றதும் ஞாபகம் வருகிறது. மத்திய அரசின் ஆண்டு ஏப்ரல் 1-இல் தொடங்குகிறது, நகராட்சியின் ஆண்டு ஜூலை 1-இல். மார்ச்சில் கையில் வந்த மீட்புப் பணத்தை ஜூன் 30-க்குள் செலவழிக்காவிட்டால் கருவூலத்துக்குத் திரும்பவேண்டும். வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் விண்ணப்பித்து அனுமதி வாங்கவேண்டும். டெண்டர் விட்டு, ஆட்சேபக் காலம் முடிந்து, ஒப்பந்ததாரர் தளத்தில் கால் வைப்பதற்குள் மூன்று மாதம் பறந்துவிடும். அப்புறம் "நகராட்சிகளுக்குச் செலவழிக்கத் தெரியவில்லை" என்று செய்தி வரும். தெரியாதவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் காலண்டரையும் கொஞ்சம் திட்டவேண்டும். மீட்பு மானியத்துக்கு ஐந்துக்கு இரண்டு.

இனி வெள்ளம் வராத வருடங்களிலும் வரும் பணம். எம்.ஐ.ஜி. எனப்படும் நகராட்சிக் கட்டமைப்பு மானியம், பெருநகரங்கள் அல்லாத ஊர்களில் ஏழைக் குடும்பங்களுக்கு அடிப்படை வசதி கட்டித்தர. நல்ல நோக்கம். ரிப்பன் வெட்டப் புதுக் குழாய் கிடைக்கும், பழைய குழாயைப் பார்க்க ஆள் கிடைக்காது. ஆர்.பி.ஐ.ஜி. என்பது வட்டாரப் பெருந்திட்டங்களுக்கு, அணையிலிருந்து ஊர் எல்லைவரை வரும் பெரிய குழாய்க்கு. அதில் எனக்கு நேரடி அனுபவம் குறைவு, மார்க் போடவில்லை.

எனக்குப் பிடித்தது டபிள்யூ.எஸ்.ஐ.ஜி., அதாவது தண்ணீர்ச் சேவைக் கட்டமைப்பு மானியம். பழைய சில மானியங்களை ஒன்றாக்கி 2016-17 முதல் நீர்த்துறை நடத்துகிறது. கசிவை அடைப்பது, பெரிய மீட்டர் பொருத்துவது, ஊற்றுக்கண்ணைப் பாதுகாப்பது, ஆழ்துளைக் கிணறு என்று, பேப்பரில் படம் வராத வேலைகளுக்கு இது பணம் தருகிறது. பேரிடரைத் தாங்கும் திறன் என்று கருத்தரங்குகளில் பேசுவார்கள். அழுத்தம் குறைக்கும் வால்வு வேலை செய்தால் பழைய குழாய் வெடிக்காது. தெருத் தெருவாக வால்வை மூட முடிந்தால் ஒரு உடைப்புக்காக ஊரே காயவேண்டாம். ஆழ்துளைக் கிணறு ஒன்று தயாராக இருந்தால் ஆஸ்பத்திரிக்கு லாரியை எதிர்பார்க்கவேண்டாம். என் கணக்கில் தாங்கும் திறன் என்பது இவ்வளவுதான். நீர்த்துறை 2023-இல் வெளியிட்ட, தண்ணீர் இழப்பைக் கணக்கிடும் நோ டிராப் அறிக்கைப்படி நாட்டில் குழாயில் விடும் தண்ணீரில் 47 சதவீதத்துக்குப் பணமே வருவதில்லை. கிட்டத்தட்டப் பாதித் தண்ணீர் கசிவு, திருட்டு, மீட்டர் இல்லாத இணைப்பு என்று போகும்போது, புதிய அணையைவிட வால்வுதான் மலிவு. ஐந்துக்கு நான்கு.

ஒரு மார்க் எதற்குக் குறைத்தேன்? இதில் ஒரு பகுதியை நகராட்சி கையில் கொடுக்காமல் துறையே செலவழித்து, வேலை முடிந்ததும் ஒப்படைக்கும். ஒப்படைக்கும் நாளில் சாவி வரும், டீசலுக்கும் குளோரினுக்கும் ஆப்பரேட்டர் சம்பளத்துக்கும் பணம் வராது. மருமகனுக்கு கார் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பெட்ரோலுக்கு நீயே பார்த்துக்கொள் என்று சொல்வது மாதிரி.

அந்தப் பெட்ரோல் பணம் எங்கிருந்து வரவேண்டும் என்றால், மத்திய வருவாயில் ஒவ்வொரு நகராட்சிக்கும் வரும் சமப் பங்கிலிருந்தும், தண்ணீர் பில்லிலிருந்தும். ஏழை வீடுகளுக்கு மாதம் 6,000 லிட்டர் இலவசத் தண்ணீர் சமப் பங்கை வைத்துத்தான் நடக்கிறது. அதற்கு நிபந்தனை கிடையாது, அதுதான் வசதி, அதுதான் வம்பு. சம்பளம் முதலில் எடுத்துக்கொள்ளும், மின்சார பாக்கி அடுத்து, மிச்சத்தில் பராமரிப்பு. சொத்து மதிப்பில் 8 சதவீதம் பழுது-பராமரிப்புக்குப் போகவேண்டும் என்பது தேசியக் கருவூலத்தின் அளவுகோல். நான் தயாரிக்க உதவிய பட்ஜெட் ஒன்றுகூட அந்த எட்டைத் தொட்டதில்லை. பிறகு வெள்ளம் வந்ததும் 57-ஆம் பிரிவு வந்து, தடுப்பு நடவடிக்கை எடுத்தாயா என்று கேட்கும். மீட்புப் பணம் தாமதமாவதற்குக் காரணம் பேரிடர் அலுவலகத்தில் மட்டும் இல்லை, மூன்று நான்கு வருடம் முன்னால் பராமரிப்புத் தலைப்பில் வெட்டிய தொகையிலும் இருக்கிறது. எல்லா மானியத்தையும் பார்த்தவன் என்ற முறையில் எனக்குச் சொல்ல இருப்பது இது ஒன்றுதான்.

இப்போது பெருநகரங்களுக்குப் புதுத் திட்டம் ஒன்று ஓடுகிறது. டர்பன் உட்பட எட்டுப் பெருநகரங்கள் தண்ணீர், மின்சாரம், குப்பை ஆகிய சேவைகளைத் தனித்தனிக் கணக்காக நடத்தினால், தண்ணீரில் வசூலித்ததைத் தண்ணீருக்கே செலவழித்தால், இலக்கைத் தொட்டதற்கேற்ப ஊக்கத் தொகை. 2025 பட்ஜெட்டில் ஆறு ஆண்டுகளுக்குச் சுமார் 5,400 கோடி ரேண்ட் என்று சொன்னார்கள். முடிவைப் பார்த்துப் பணம் தருவது என்ற யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. மார்க் போட இன்னும் சில வருடங்கள் ஆகும்.

அக்கா இன்னொன்றும் கேட்டார்: வீட்டில் தண்ணீர் சேமிக்கும் ஜோஜோ பிளாஸ்டிக் டேங்க் வாங்க இந்த மானியங்களில் ஏதாவது வழி உண்டா? நான் மேலே சொன்ன எதிலும் தனி வீட்டுக்குக் கவுண்ட்டர் இல்லை. எங்கள் தெருவில் டேங்க் வைத்திருப்பவர்கள் எல்லாரும் கைக்காசு போட்டவர்கள்தான். 2024 ஜூன் 3-இல் இதே ஊரைச் சூறாவளி அடித்தபோது கூரையோடு சில டேங்குகளும் பறந்தன.

இதைப் படித்துவிட்டு ஏதாவது செய்யவேண்டும் என்று நினைப்பவர்களுக்கு: நகராட்சியின் வரைவு பட்ஜெட் மார்ச் 31-க்குள் மன்றத்தில் வைக்கப்படவேண்டும், மக்கள் கருத்தை மன்றம் பரிசீலிக்கவேண்டும் என்பது சட்டம். அதில் மானியப் பட்டியலைத் தேடாதீர்கள், அது எப்படியும் வரும். பழுது-பராமரிப்பு என்ற வரியில் தண்ணீருக்கு எவ்வளவு, போன வருடம் எவ்வளவு, செலவானது எவ்வளவு என்று மூன்று எண்களைக் கேளுங்கள். கூட்டத்தில் எழுந்து பேசினால் மட்டும் போதாது, எழுதிக் கொடுத்து நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.