செடி வளர்க்கும் ஊதா விளக்கு: டிரைவர் மாற்றிய பிறகு எழுதுவது

போன வாரம் விளக்கின் டிரைவர், அதாவது எல்இடிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் பகுதி, போய்விட்டது. காரைக்குடியில் எலக்ட்ரீஷியன் பிரித்துப் பார்த்தார். எல்இடி மணிகள் நன்றாகத்தான் இருக்கின்றன, டிரைவரில் கெப்பாசிட்டர் சூட்டில் உப்பியிருக்கிறது என்றார். அதே மில்லி ஆம்பியரில் வேறு டிரைவர் போட்டதும் எரிகிறது. செலவும் பெரிதில்லை. எல்இடி விளக்குகளில் பல நேரம் முதலில் போவது டிரைவர்தான், அதனால் அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். என் கோபமெல்லாம் அந்த நிறத்தின் மேல்.

எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்துப் பழைய வீடுகளைப் பார்த்தவர்களுக்கு நிலைமை தெரியும். வளவு வாசலில், அதாவது வீட்டு நடுவில் திறந்த முற்றத்தில், உச்சி வெயில் கொட்டும். தாவாரத்தைத் தாண்டி அறைக்குள் போனால் பகலிலேயே இருட்டு. வெக்கை அண்டாமல் இருக்கக் கட்டிய வீடுகள். பெரணியை வாசலில் வைத்தால் கருகுகிறது, அறையில் வைத்தால் வெளிறி நீள்கிறது. விளக்கு இல்லாமல் வேறு வழியில்லை.

வேலை செய்கிறதா என்றால், அருமையாகச் செய்கிறது. பெரணி சுருள் சுருளாக விரிகிறது. பீஸ் லில்லி பூத்துவிட்டது. மணிபிளான்டில் கணுவுக்குக் கணு இடைவெளி குறைந்து இலை பெரிதாகியிருக்கிறது. இலைப்பச்சையம் அதிகம் உறிஞ்சுவது நீலத்தையும் சிவப்பையும்தான். 450 (நீலம்), 660 (சிவப்பு) நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய மணிகளை மட்டும் வைத்து இதைச் செய்திருக்கிறார்கள். கணக்கு சரிதான்.

ஆனால் செடியைக் கண்ணால் பார்க்க முடியவில்லையே! பச்சை ஒளியே இல்லாத இடத்தில் பச்சை இலை கறுத்துத்தான் தெரியும். பழுத்த இலை எது, நல்ல இலை எது என்று பிரித்தறிய முடியாது. ஒருநாள் சாயங்காலம் தண்ணீர் ஊற்றும்போது பீஸ் லில்லி செழிப்பாகத் தெரிந்தது. மறுநாள் காலையில் வளவுக்குத் தூக்கிவந்து இலையைத் திருப்பினால், நடுநரம்போரம் மெல்லிய நூலாம்படை. அதில் மண்துகள் அளவுக்குச் செம்பேன் ஊர்கிறது. மேல்புறம் முழுக்க வெளிர்ப் புள்ளிகள். இது ஒரு இரவில் வந்திருக்காது. விளக்கு மறைத்துவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு தொட்டியையும் வெளிச்சத்துக்குத் தூக்கிவந்துதான் பார்க்கிறேன்.

அறையும் பாழ். சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகப் பூப்போட்ட ஆத்தங்குடிக் கல் ராத்திரியில் ஒரே ஊதாவாகக் கிடக்கிறது. "கண்ணு கூசுதப்பா, அணைச்சிடு" என்று ஆத்தா தினமும் சொல்கிறார். செடிக்குப் பன்னிரண்டு மணி நேரம் வேண்டுமே, எப்படி அணைப்பது?

பள்ளத்தூர் ஆச்சி போனில் கேட்டார்கள், "ஏப்பா, எங்க வீட்டுக்கும் அதையே வாங்கவா?" வேண்டவே வேண்டாம், வெள்ளை விளக்கு வாங்குங்கள் என்றேன். வெள்ளை எல்இடி என்பதே நீல மணியின் மேல், நீல ஒளியில் ஒரு பகுதியை வேறு நிறங்களாக மாற்றும் பாஸ்பர் பூச்சுப் பூசியதுதான். அதில் நீலம், பச்சை, சிவப்பு எல்லாம் வரும். பச்சை ஒளி செடிக்கு வீண் என்பதும் தப்பு; இலையின் உள்ளடுக்குவரை போய் அதுவும் உணவாகிறது. பெட்டியில் வெள்ளையின் சாயலைச் சொல்லும் கெல்வின் எண் 4000 முதல் 6500வரை எதுவானாலும் இலைச்செடிகளுக்குப் போதும்.

பெட்டியில் '1000 வாட்டுக்குச் சமம்' என்று போட்டிருந்தால் நம்பாதீர்கள். நிஜமாக எத்தனை வாட் இழுக்கிறது என்று பாருங்கள். 20 வாட் விளக்கு 12 மணி நேரம் எரிந்தால் நாளுக்குக் கால் யூனிட், மாதத்துக்கு ஏழு யூனிட் சொச்சம்தான். பெட்டியில் வெளிச்சத்துக்குப் போடும் லூமன் மனிதக் கண்ணுக்கான அளவு. ஊதா விளக்கில் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அதைவிட முக்கியம் உயரம். நம் வீட்டு உத்தரத்தில் மாட்டினால் செடிக்கு ஒன்றும் வந்து சேராது. சின்ன விளக்கில் தூரம் இரட்டித்தால் ஒளி ஏறக்குறைய கால்வாசியாகிவிடும். நீளமாக ஒயர் விட்டு, செடிக்கு ஒன்றரை அடி மேலே வரும்படி தொங்கவிடுங்கள். ஒரு டைமரும் போட்டுவிடுங்கள். செடிக்கு இருட்டும் வேண்டும்.

இத்தனை இலை விட வைத்த விளக்குக்கு ஐந்துக்கு இரண்டு கொடுக்கிறேன். நியாயமாகப் பார்த்தால் நான்கு கொடுக்கலாம். அந்தச் செம்பேனைப் பார்த்த பிறகு எனக்கு மனசு வரவில்லை.