மரையில் பொருந்தினால் போதுமா? என் 1970 சி10 ட்ரக்கின் எரிபொருள் பாகங்களோடு ஆறு ஆண்டுகள்

எரிபொருள் மானியின் முள் ‘ஃபுல்’ குறியையும் தாண்டி நிற்கும்போதுதான் என் ஷெவர்லே சி10 பெட்ரோல் தீர்ந்து நடுவழியில் நின்றது. டேங்கில் புது சென்டிங் யூனிட் (பெட்ரோல் மட்டத்தை மிதவையால் அறிந்து மானிக்குச் சொல்லும் கருவி) மாட்டிச் சில நாட்களே ஆகியிருந்தன. பாதி டேங்க் பெட்ரோலோடு மாட்டியபோதே முள் ‘ஃபுல்’ காட்டியது. ஐம்பது ஆண்டு பழைய மானி, கொஞ்சம் கூட்டித்தான் காட்டும் என்று விட்டுவிட்டேன். தவறு மானியிலே இல்லை, நான் வாங்கிய பாகத்தில் இருந்தது.

அந்தக் காலத்து ஜெனரல் மோட்டார்ஸ் மானிகள் 0 முதல் 90 ஓம் வரையிலான மின்தடையைப் படிப்பவை. டேங்க் காலியென்றால் 0, நிறைந்தால் 90. ‘எல்லா வண்டிக்கும் பொருந்தும்’ என்று பெட்டியில் அச்சிட்டிருந்த என் சென்டிங் யூனிட்டோ காலிக்கு 240, நிறைவுக்கு 33 ஓம் தருகிற வகை. திருகு துளைகள், மிதவைக் கம்பியின் நீளம் எல்லாமே சரியாக இருந்தன. ஆனால் டேங்க் காலியாகக் காலியாக முள் மேலே ஏறியது. அதே காலத்து ஃபோர்டு வண்டிகளின் அளவு இன்னும் வேறு: காலிக்கு 73, நிறைவுக்கு 10.

அன்றிலிருந்து எந்த சென்டிங் யூனிட்டையும் மின்தடை அளக்கும் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்காமல் டேங்குக்குள் இறக்குவதில்லை. மேசை மேல் வைத்து மிதவைக் கம்பியை அடியிலிருந்து உச்சிவரை மெல்ல உயர்த்துவேன். எண் தாவாமல் சீராக ஏற வேண்டும், நடுவில் ஏறத்தாழ 45 காட்ட வேண்டும். ஐந்து நிமிட வேலை இது.

பம்ப் விஷயத்தில் பட்ட பாடு இதைவிடப் பெரிது. என் வண்டியில் இருப்பது 350 வி8 என்ஜின், அதன்மேல் பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் குவாட்ராஜெட் கார்புரேட்டர். என்ஜினே இயக்கும் பழைய மெக்கானிக்கல் பம்பின் டயஃபிராம் (உள்ளிருக்கும் நெகிழ்வான சவ்வு) கிழிந்து பெட்ரோல் என்ஜின் ஆயிலில் கலக்கத் தொடங்கியிருந்தது. டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் உயர்ந்து, முகர்ந்தால் பெட்ரோல் வாடை வந்தால் வண்டியை உடனே நிறுத்திவிடுங்கள். நீர்த்துப்போன ஆயிலில் பேரிங்குகள் நெடுநாள் தாங்காது.

சுலபம் என்று நினைத்து ஒரு மின்சாரப் பம்ப் வாங்கினேன். கார்புரேட்டர் வண்டிகளுக்குப் பொதுவாக 4 முதல் 7 பிஎஸ்ஐ அழுத்தம் போதும். இது 12 பிஎஸ்ஐ தந்தது. கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரும் வழியை அடைக்கும் நீடில் வால்வால் அந்த அழுத்தத்தைத் தடுத்து நிறுத்த முடியவில்லை. ஃபிளோட் எனும் மிதவை இருக்கும் பெட்ரோல் கிண்ணம் நிரம்பி வழிந்து, சூடான இன்டேக் மேனிஃபோல்டின் மேல் பெட்ரோல் ஒழுகுவதைக் கண்ணால் பார்த்தேன். தீப்பிடிக்காமல் தப்பியதை இன்று நினைத்தாலும் நடுங்குகிறது. அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர் வைத்துச் சமாளிக்கலாம் என்பார்கள். ஆனால் 1967 முதல் 1972 வரையிலான சி10 வண்டிகளில் பெட்ரோல் டேங்க் இருப்பது கேபினுக்குள், இருக்கையின் முதுகுக்குப் பின்னால். விபத்து நேர்ந்து என்ஜின் நின்ற பிறகும், தானாகத் துண்டிக்கும் சுவிட்ச் இல்லாத மின்சாரப் பம்ப் தள்ளிக்கொண்டே இருக்கும். மெக்கானிக்கல் பம்ப் என்ஜினோடு சேர்ந்தே நின்றுவிடும். அதனால், பெட்ரோலில் கலந்துவரும் எத்தனாலைத் தாங்கும் டயஃபிராம் கொண்ட மெக்கானிக்கல் பம்புக்கே திரும்பினேன். ஐந்து ஆண்டுகளாகக் குறையில்லாமல் ஓடுகிறது.

அதை மாட்டும்போது ஒரு நுணுக்கம். பம்பைக் கழற்றியதும் அதை இயக்கும் தள்ளுகம்பி கீழே வழுக்கி வந்துவிடும். என்ஜின் பிளாக்கின் முன்முகத்தில், பம்ப் இருக்கும் பக்கத்தில், ஒரு குட்டை போல்ட் உண்டு. அதை எடுத்துவிட்டு அதே மரையில் நீளமான போல்ட் ஒன்றை விரலால் மட்டும் திருகினால் கம்பி அப்படியே நிற்கும். ஸ்பேனர் வைத்து இறுக்கினால் கம்பி கெட்டுவிடும். வேலை முடிந்ததும் குட்டை போல்ட்டை மறக்காமல் திரும்ப மாட்ட வேண்டும்.

ஹோஸ் வாங்கும்போது அதன்மேல் அச்சிட்டிருக்கும் எழுத்துகளைப் படியுங்கள். எஸ்ஏஇ 30ஆர்7 என்ற தரக்குறியீடு கொண்ட வகை கார்புரேட்டர் அழுத்தத்துக்குப் போதும். ஆனால் எத்தனால் கலந்த பெட்ரோலில் நான் போட்டது இரண்டே ஆண்டில் உள்ளே உதிர்ந்து, ஃபில்டரில் கருந்துகள்களாகச் சேர்ந்தது. இப்போது 30ஆர்14 போட்டிருக்கிறேன். எத்தனாலைத் தாங்குவதோடு பெட்ரோல் ஆவியையும் அவ்வளவாகக் கசியவிடாத வகை என்பதால் கேபினில் வாடை குறைந்திருக்கிறது. மலிவான கிளாம்ப் ரப்பரைக் கடித்துவிடும், அதிலும் சிக்கனம் வேண்டாம்.

கார்புரேட்டரைப் பிரித்தால் ஃபிளோட்டையும் மாற்றிவிடுங்கள். குவாட்ராஜெட்டின் ஃபிளோட் பித்தளையால் ஆனதல்ல, ஒரு வகை நுரைப்பொருள். ஆண்டுகள் போகப்போக அது பெட்ரோலை உறிஞ்சிக் கனத்துவிடும். கனத்த ஃபிளோட் தாழ்ந்து மிதப்பதால் கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் கூடி, கரும்புகை வரும்.

டேங்க் மூடியால் வந்த தொல்லையைக் கண்டுபிடிக்கத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது. இருபது நிமிடம் நன்றாக ஓடும் வண்டி திணறி அணைந்துவிடும், சற்று நேரம் கழித்துத் தானாகவே சரியாகும். பம்பைச் சந்தேகித்தேன், ஃபில்டரைச் சந்தேகித்தேன். ஒருநாள் வண்டி நின்றதும் மூடியைத் திருகினேன். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுத்தது. என் வண்டியில் ஆவி சேகரிக்கும் அமைப்பு கிடையாது, டேங்க் மூச்சுவிடுவது மூடியின் வழியாகத்தான். நான் வாங்கிய புது மூடியோ காற்றுத் துளையே இல்லாத வகை. பெட்ரோல் குறையக் குறைய டேங்கில் வெற்றிடம் உண்டாகி, பம்பால் இழுக்க முடியாமல் போயிருக்கிறது. துளையுள்ள மூடியைப் போட்ட அன்றே கோளாறு போனது.

இனி மாற்ற வேண்டியது பெட்ரோல் ஊற்றும் குழாயை டேங்கோடு இணைக்கும் தடித்த ரப்பர். கேபினுக்குள்ளேயே இருப்பது. விரலால் அழுத்தினால் ஓரங்களில் மயிரிழை வெடிப்புகள் தெரிகின்றன. டேங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும் ஒரு நாளில், இருக்கையைக் கழற்றிவிட்டு அந்த வேலையைத் தொடங்கப் போகிறேன்.